ஒரு சொட்டும் வீணாகாத நாட்கள்

உலகத்து ஆறுகள் எல்லாம் கடைசியில் கடலில் விழுந்து தற்கொலை செய்துகொள்கின்றன. மனிதகுலம் இந்த அவலத்தைப் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. கைகொடுத்து ஓர் ஆற்றையேனும் காப்பாற்றிய பெருமை எங்கள் நீர்ச் சமநிலை ஆணையத்தையே சாரும். அந்த ஆணையத்தில் கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பில் இருப்பவன் நான். வருங்காலச் சந்ததிக்கு இதைச் சொல்லிவைக்க என்னை விட்டால் ஆளில்லை.

எங்கள் அலுவலகம் தடுப்பணைக்கு மேற்கரையில் மூன்று மாடிகளாக எழுந்து நிற்கிறது. வாசலில் நீரூற்று. உள்ளே வரவேற்பு மேசைக்கு மேல் ஒரு கறுப்புப் பலகை. 'கடலில் வீணாக நீர் கலக்காத நாட்கள்' என்று அதில் எழுதி, பக்கத்தில் எண்ணை மாட்ட மூன்று கொக்கிகள். தினமும் காலை பத்து மணிக்குத் தலைவரே நாற்காலியில் ஏறி எண்ணை மாற்றுவார். நாற்காலியை நான் பிடித்துக்கொள்வேன். மற்றவர்கள் கைதட்டுவார்கள்.

கூட்டக் குறிப்பு எழுதுவது சாதாரண வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். பேசியதை அப்படியே எழுத ஒரு ஒலிப்பதிவுக் கருவி போதும். பேசியிருக்க வேண்டியதை எழுதுபவனே குறிப்பாளன். தலைவர் குறட்டை விட்டால், 'தலைவர் ஆழ்ந்து சிந்தித்தார்.' இரண்டு உறுப்பினர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டால், 'உறுப்பினர்கள் நெருங்கிப் பழகினர்.' பதினாறு ஆண்டுகளில் ஒரு உண்மைகூட என் பேனாவிலிருந்து தவறி விழுந்ததில்லை.

பலகையில் இருநூற்றுப் பன்னிரண்டு ஓடிக்கொண்டிருந்தபோது மேலிடத்திலிருந்து ஒரு சட்டம் வந்தது. ஊர் எடுத்தது போக, ஆறும் அதன் முகத்துவாரமும் உயிரோடிருக்கத் தேவையான தண்ணீரை விட்டுவைக்க வேண்டுமாம். தலைவர் அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது முறையும் படித்தார்.

"ஆத்துக்கு எதுக்குய்யா தண்ணி?" என்றார்.

யாருக்கும் பதில் தெரியவில்லை. தெரிந்த ஒருவரை அமர்த்தலாம் என்று சட்டத்திலேயே ஒரு பிரிவு இருந்ததால், மீன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்த ஒரு பெண்மணியை அமர்த்தினோம். அலுவலகத்தில் அவருக்கு 'மீன் மேடம்' என்று பெயர் வந்தது. இரண்டு மாதம் சேற்றில் இறங்கி நடந்து, அளந்து, ஒரு அறிக்கையோடு கூட்டத்துக்கு வந்தார்.

"மேடம், நேரா விஷயத்துக்கு வருவோம்," என்றார் தலைவர். "ஒரு மீன் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கும்?"

"குடிக்கிற கணக்கு இல்ல சார். அது தண்ணியில வாழுது."

"வாழட்டும். இருக்கிற தண்ணியில வாழ வேண்டியதுதானே? தினம் புதுசா கேக்குமா?"

"முகத்துவாரத்துல ஆத்துத் தண்ணியும் கடல் தண்ணியும் கலக்கணும் சார். அங்கதான் இறால் குஞ்சு வந்து வளருது, நண்டு பெருகுது. ஆத்துத் தண்ணி வரலன்னா கடல் மணலைக் கொண்டுவந்து ஆத்தோட வாயை அடைச்சிடும்."

"வாய் அடைஞ்சா நல்லதுதான். இந்த ஆபீஸ்லயே எத்தனை வாய் அடைய வேண்டியிருக்கு!"

சிரித்தோம். தலைவரின் நகைச்சுவைக்குச் சிரிக்க வேண்டும் என்று பணி விதிகளில் இல்லை. பதவி உயர்வு விதிகளில் இருக்கிறது.

மீன் மேடம் சிரிக்கவில்லை. அவர் கேட்டது இரண்டே இரண்டு. ஆண்டு முழுக்க ஒரு மதகை ஒரு சாண் திறந்து வைக்க வேண்டும். மழைக்காலத்தின் முதல் வெள்ளத்தைத் தடுக்காமல் இரண்டு நாள் போகவிட வேண்டும். அந்த வேகம்தான் வாயில் சேர்ந்த மணலை அடித்துத் தள்ளும்.

"ஒரு சாண் திறந்தா ஊருக்குக் குடிதண்ணி பத்தாது," என்றார் மதகுப் பொறியாளர்.

"வீடுங்க குடிக்கிறதுல ஒரு குடம்கூடக் குறைக்க வேணாம் சார். குடிதண்ணிக் கணக்குல வேற என்னல்லாம் இருக்குன்னு கொஞ்சம் படிச்சுக் காட்டச் சொல்லுங்க."

படித்தேன். வீடுகள். விடுதிகளின் நீச்சல் குளங்கள். கார் கழுவும் நிலையங்கள். பந்து விளையாடும் சங்கத்தின் புல்வெளி. எங்கள் வாசல் நீரூற்று.

"புல்வெளி எப்படி சார் குடிதண்ணியில வரும்?"

"புல்லு குடிக்குதுல்ல?" என்றார் தலைவர்.

"கார்?"

"இஞ்சினுக்குத் தாகம் எடுத்தா ஊத்துறோம்ல?"

"நீரூற்று?"

தலைவர் முகம் சிவந்துவிட்டது. "அதைப் பார்த்துத்தான் மேடம் ஜனங்களுக்குத் தண்ணி மேல மரியாதையே வருது. சரி, சமநிலைன்னா என்ன? ரெண்டு தரப்பையும் கேக்கணும். ஊரைக் கேட்டாச்சு. இனி ஆத்தையும் கேப்போம்."

இப்படி ஒரு நேர்மையை எந்த நாட்டு நிர்வாகத்திலும் பார்க்க முடியாது. மறுநாளே 'ஆற்றின் கவனத்திற்கு' என்று தலைப்பிட்டு அறிவிப்பு ஒன்று தயாரித்தேன். 'தங்கள் பங்கு நீரை ஊரின் நலன் கருதி விட்டுக்கொடுப்பதில் ஆட்சேபம் இருப்பின் முப்பது நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும்.' தடுப்பணைத் தூணில், ஆற்றுக்கு நன்றாகத் தெரியும்படி ஒட்டினோம். முப்பது நாள் காத்திருந்தோம். ஒரு வரிகூட வரவில்லை. 'ஆறு பெருந்தன்மையுடன் சம்மதித்தது' என்று எழுதினேன். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மீன் மேடம் எழுந்து நின்று எதிர்த்தார். ஆனால் அவருக்கு வாக்குரிமை இல்லாததால் ஒருமனதுக்கு எந்தச் சேதமும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு சொந்த விஷயம். என் அக்காவை முகத்துவாரத்தில்தான் கொடுத்திருக்கிறது. அத்தான் நண்டு பிடிப்பவர். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு என்னை வீட்டோடு வைத்துப் படிக்க வைத்தவர்கள் அவர்கள். இன்றைக்கு நான் கோணாமல் எழுதுகிறேன் என்றால், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தையும் திருத்தியதுதான் காரணம். ஆனால் சொந்தம் வேறு, சமநிலை வேறு.

முன்னூற்று நாற்பதாம் நாள் அக்கா இரண்டு பஸ் மாறி அலுவலகத்துக்கு வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து என் மேசையில் கோப்புகளுக்கு நடுவே வைத்தாள்.

"எங்க கிணத்துத் தண்ணி. குடிச்சுப் பாரு."

"ஆபீஸ்ல வெளித்தண்ணிக்கு அனுமதி இல்லக்கா."

"உப்பாயிடுச்சுடா. ஆத்து வாய் முக்கால்வாசி மூடிடுச்சு. உங்க அத்தான் காலையில பத்து நண்டுக்கூடு போடறார், பத்தும் வெறுங்கூடா வருது. முந்தியெல்லாம் தூக்க முடியாம தூக்குவாரே, நீதானே கூடமாட பிடிப்ப."

என் கண் கலங்கியது. அதற்காக நடைமுறையை விட முடியுமா? நீர்ப் பயனாளர் படிவத்தை எடுத்தேன்.

"மனுவா கொடுத்துடு. நீங்க ஒரு நாளைக்கு ஆத்துல எவ்வளவு தண்ணி எடுக்கறீங்க?"

"நாங்க எங்கடா எடுக்கறோம்? அது பாட்டுக்கு வந்துட்டுப் போனா போதும்."

"எடுக்கலைன்னா நீ பயனாளர் இல்லக்கா. பயனாளர் இல்லைன்னா பாதிக்கப்பட்டவரும் இல்ல."

அக்கா படிவத்தை என் பக்கமே திருப்பித் தள்ளினாள். "சின்ன வயசுல நல்லாத்தானேடா பேசிட்டிருந்த," என்றாள். பாட்டிலை விட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் அதை மேசையில் இருந்த பூச்செடிக்கு ஊற்றினேன். நான்காம் நாள் செடி கருகியது. வேறு செடி வாங்கிவிட்டோம்.

என்னதான் இருந்தாலும் ஆணையம் மக்களைக் கைவிடுவதில்லை. அடுத்த மாதமே மூன்று வண்டிகளில் முகத்துவாரத்துக்கு ஆய்வுக்குப் போனோம். ஆற்று வாயை மணல் முழுசாக மூடியிருந்தது. தலைவர் காலணியைக் கழற்றாமலே இக்கரையிலிருந்து அக்கரைக்கு நடந்து போய்த் திரும்பி வந்தார். காலுறைகூட நனையவில்லை.

"பார்த்தீங்களா? பாலம் கட்டணும்னு எத்தனை வருஷமா கேட்டாங்க! செலவே இல்லாம வந்துடுச்சு," என்றார்.

அத்தான் தோளில் வெறும் நண்டுக்கூட்டோடு நின்றிருந்தார். "சார், இதுக்கு அடியில ஆறு இருக்கு," என்றார்.

"இருக்கட்டும்ப்பா. பத்திரமா இருக்கட்டும்."

அக்கா கிணற்றிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு கொண்டுவந்து தலைவரிடம் நீட்டினாள். தலைவர் தன் பாட்டிலை உயர்த்திக் காட்டி, வெளியிடத்துத் தண்ணீர் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாகச் சொன்னார். பொறியாளருக்குத் தொண்டை சரியில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாங்கிக் குடித்தேன். நாக்கு சுருங்கி உள்ளே போயிற்று.

"எப்படிய்யா இருக்கு?" என்றார் தலைவர்.

"சுவையா இருக்கு சார்."

அக்கா தம்ளரை என் கையிலிருந்து வாங்கி, மீதியைத் தரையில் கவிழ்த்தாள்.

"அப்போ இது உப்புச்சப்பில்லாத புகார்," என்றார் தலைவர்.

"சப்புதான் சார் இல்ல. உப்பு நிறைய இருக்கு," என்றார் மீன் மேடம்.

'கிணற்று நீர் தாதுச் செறிவுடன் விளங்குவதை ஆணையம் மகிழ்ச்சியுடன் கவனித்தது' என்று எழுதினேன். அந்த வாக்கியத்தைத் தலைவர் பலரிடம் பாராட்டிச் சொன்னார்.

நானூறாம் நாள் விழாவுக்கான ஏற்பாடுகள் தொடங்கின. வாசலுக்குத் தோரணம், நீரூற்றுக்கு வண்ண விளக்கு, தலைவருக்குப் புது நாற்காலி. முன்னூற்றுத் தொண்ணூற்றேழாம் நாள் காலை மீன் மேடம் என் மேசைக்கு வந்து இரண்டு பக்கக் கடிதத்தை என் கையில் கொடுத்தார்.

"மேல மலையில மழை ஆரம்பிச்சாச்சு. இதைத் தலைவர்கிட்ட இன்னிக்கே காட்டுங்க. முதல் தண்ணியைப் பிடிச்சு வச்சீங்கன்னா நாலஞ்சு நாள்ல அணை ரொம்பிடும். அப்புறம் எல்லா மதகையும் ஒரே சமயத்துல திறக்கணும். அங்க வாய் அடைச்சுக் கிடக்கு. தண்ணி போக வழி இல்லாம வீட்டுக்குள்ளதான் ஏறும். இப்பவே கொஞ்சங்கொஞ்சமா விட்டா மணல் தானே கரையும்."

மூன்று முறை படித்தேன். பிறகு தலைவரின் அறைக்குப் போனேன். அவர் புது நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னவாம் அந்தம்மாவுக்கு?"

"முதல் வெள்ளத்தை விடச் சொல்றாங்க சார். இல்லைன்னா முகத்துவாரத்துல வீடுங்க முழுகுமாம்."

"நானூறுக்கு இன்னும் எத்தனை நாள்?"

"மூணு சார்."

"அப்ப நான் அந்த லெட்டரைப் பார்க்கலை."

"சரி சார்."

"நீயும் பார்க்கலை."

"நான் படிச்சுட்டேனே சார்."

"படிச்சதை மறக்கறதுக்குத்தானேய்யா உனக்குச் சம்பளம்?"

அன்றைய குறிப்பில், 'மீன் ஆய்வாளர் மழைக்கால வாழ்த்துகளைத் தெரிவித்தார்' என்று எழுதினேன். பேனாவை மூடும்போது மூடி இரண்டு முறை தவறிக் கீழே விழுந்தது.

நானூறாம் நாள் விழா சிறப்பாக நடந்தது. நானூற்று இரண்டாம் நாள் காலை பொறியாளர் தொப்பலாக நனைந்து ஓடி வந்தார். அணை விளிம்பைத் தொட்டுவிட்டது. பதினொரு மதகையும் திறந்தார்கள். தண்ணீர் போன சத்தத்தில் எங்கள் கண்ணாடிச் சன்னல்கள் அதிர்ந்தன. மறுநாள் காலை நாங்கள் பயந்துகொண்டே வந்தோம். தலைவர் முகம் மட்டும் பிரகாசமாக இருந்தது.

"பதினோரு மதகையும் திறந்தும் ஒரு சொட்டு கடலுக்குப் போகலைய்யா! வாய்தான் மூடியிருக்கே! எல்லாத் தண்ணியும் உள்ளயே நிக்குது!" நாற்காலியில் ஏறி நானூற்று மூன்றை மாட்டினார். கைதட்டல் ஓய நெடுநேரமாயிற்று.

உள்ளே எங்கே நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பத்தரைக்கு அக்காவின் போன் வந்தது.

"தம்பி, வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. பக்கத்து வீட்டுக் கைப்பிள்ளையை அலமாரி மேல படுக்க வச்சிருக்கோம். மதகை மூடச் சொல்லுடா."

"மூடினா அணை உடைஞ்சிடும்கா."

"அப்ப ஆத்து வாயைத் திறக்கச் சொல்லு. மண் அள்ளுற இயந்திரம் ஒண்ணு அனுப்பு."

"அதுக்கு ஆணையத் தீர்மானம் வேணும். கூட்டம் வியாழக்கிழமை."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"திங்கள்."

போனில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

அதன் பிறகு நடந்ததை விசாரணையில்தான் தெரிந்துகொண்டோம். அத்தானும் நாற்பது பேரும் மணல் திட்டின் மேல் ஏறியிருக்கிறார்கள். மண்வெட்டி இருந்தவர்கள் மண்வெட்டியால், இல்லாதவர்கள் துடுப்பால், பலகையால், சமையல் சட்டியால் தோண்டியிருக்கிறார்கள். அக்கா அலுமினியப் பானையால் மணலை அள்ளியிருக்கிறாள். உச்சி வெயிலில் தொடங்கி, பொழுது சாய்வதற்குள் ஒரு ஆள் நுழையும் அளவுக்குக் கால்வாய் கடலைத் தொட்டது. மீதியை ஆறே பார்த்துக்கொண்டது. இரு கரையும் சரிந்து விழ, தண்ணீர் ஒரே பாய்ச்சலில் வெளியேறியது. அத்தானையும் இழுத்துக்கொண்டு போனது. இடுப்பில் கட்டியிருந்த நண்டுக்கயிற்றைப் பிடித்து எட்டுப் பேர் இழுத்து மீட்டார்கள். இருட்டுவதற்குள் வீடுகளில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. கைப்பிள்ளை அலமாரி மேல் அத்தனை நேரமும் தூங்கிக்கொண்டிருந்ததாம்.

மறுநாள் தலைவர் நாற்காலியில் ஏறி, மூன்று எண்களையும் கழற்றிவிட்டு, ஒற்றைச் சுழியத்தை மாட்டினார். நாற்காலியைப் பிடித்திருந்த என் கை மேல் ஒரு துளி விழுந்தது. பெரிய மனிதர்கள் அழுவதை அருகில் நின்று பார்ப்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

"யாருய்யா அவன்?" என்றார்.

விசாரணை நடந்தது. சட்டத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'எதிரி' என்று பெயர். அத்தான் எதிரியின் இடத்தில் நின்றார். அக்கா இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் விரல் நகங்களில் இன்னும் மணல் இருந்தது.

"யாரைக் கேட்டு ஆத்தைக் கடலுக்கு விட்டே?" என்றார் தலைவர்.

"வீட்டுக்குள்ள வந்துடுச்சு சார். வந்தவங்களை வழியனுப்பி வச்சேன்."

"எவ்வளவு தண்ணி வீணாப் போச்சு தெரியுமா?"

"எங்க போகணுமோ அங்கதான் சார் போச்சு. வெள்ளம் வடிஞ்சப்புறம் கடலும் ஆறும் வந்து போயிட்டு இருக்கு. கூட்டுல நண்டு ஏறுது. கிணத்துலகூட உப்புக் கொஞ்சம் குறைஞ்சிருக்கு."

"அப்போ குத்தத்தால பலன் அடைஞ்சிருக்கே! குறிச்சுக்கய்யா."

குறித்துக்கொண்டேன்.

மீன் மேடம் எழுந்தார். "இது இப்படித்தான் ஆகும்னு ஆறு நாள் முன்னாடியே எழுதிக் கொடுத்தேன். குறிப்பாளர் கையிலதான் கொடுத்தேன். அன்னிக்குக் குறிப்பைப் படிக்கச் சொல்லுங்க."

தலைவர் என்னைப் பார்த்தார். எழுந்து நின்று கணீரென்று படித்தேன். "மீன் ஆய்வாளர் மழைக்கால வாழ்த்துகளைத் தெரிவித்தார்."

"வாழ்த்துக்கு நன்றி மேடம்," என்றார் தலைவர். "உக்காருங்க."

மீன் மேடம் உட்காரவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஆற்றின் தேவை பூர்த்தியாகிவிட்டதால் அவருடைய தேவையும் பூர்த்தியாகிவிட்டது என்று அன்று மாலையே அவருக்குக் கடிதம் போயிற்று. மேடம் வெளியே போவதை அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பார்வை என் மேலேயே இருந்தது.

தீர்ப்பு மிகவும் சமநிலையானது. ஊருக்கு நியாயம் செய்யும் வகையில், எதிரி ஓராண்டுக்கு ஆற்றிலோ முகத்துவாரத்திலோ கால் வைக்கக் கூடாது. ஆற்றுக்கு நியாயம் செய்யும் வகையில், சேதமடைந்த மணல் திட்டை ஆணையம் லாரியில் மணல் கொண்டுவந்து கொட்டிப் பழைய நிலைக்கே சீரமைக்க வேண்டும்.

தீர்ப்புப் படிவத்தில் பதினான்கு கட்டங்கள். தலைவர் சொல்லச் சொல்ல நிரப்பினேன். 'நீர் வீணாகக் காரணமானவர்' என்ற கட்டத்தில் அத்தானின் பெயரை எழுதினேன். பதினான்காவது கட்டம்: 'இச்சம்பவம் நேரும் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தவர்.'

"யாரும் இல்லைன்னு போடு," என்றார் தலைவர்.

போட்டேன். 'யாரும் இல்லை' என்பதற்கு நேர் கீழே, விதிப்படி, என் கையெழுத்தை இட்டேன்.

பிரதியை எதிரி தரப்பிடம் கொடுப்பதும் என் வேலைதான். அத்தான் அதற்குள் வெளியே போய்விட்டார். அக்கா வாங்கிக்கொண்டாள். ஆணையத்தின் படிவங்களை யாரும் கடைசிவரை படிப்பதில்லை. அந்த நம்பிக்கையில்தான் அவை அச்சடிக்கப்படுகின்றன. அக்கா நின்ற இடத்திலேயே விரல் வைத்து ஒவ்வொரு கட்டமாகப் படித்தாள். பள்ளிக்கூட நாட்களில் என் நோட்டைப் படித்தது போலவே நிதானமாகப் படித்தாள். விரல் பதினான்காவது கட்டத்தில் நின்றது. பிறகு மெல்ல இறங்கி என் கையெழுத்தில் நின்றது.

"என்னக்கா, பிழை ஏதாவது இருக்கா?" என்றேன்.

"பிழையே இல்ல. சரியாத்தான் எழுதியிருக்க," என்றாள். தாளை மடித்துப் பையில் வைத்தாள். "நீ எங்களுக்கு யாரும் இல்லை."

ஆணையத்தில் இதுவரை நான் எழுதிய பல்லாயிரம் பக்கங்களில், உண்மை என்று ஒருவர் ஒப்புக்கொண்டது அந்த இரண்டு சொற்களைத்தான்.